பிள்ளைத்தாச்சிப் பாறை

“அப்போ விக்கியை நீ குளிப்பாட்டு. ஹரிணியை நான் பாத்துக்கிடுதேன்” என்றார் சிலுவை, தூரிகையை வெந்நீரில் முக்கிக்கொண்டே.

“நேத்தும் எனக்கு விக்கிதான் வந்தான். அவன் புள்ளிக்குள்ள தூசி ஏறி உக்காந்துக்கிட்டு வரமாட்டேங்குது அண்ணாச்சி” என்றாள் தெக்லா.

“புள்ளியில கை வெக்காத ஆத்தா. போன மாசம் புள்ளியைத் தொட்டதுக்கு எனக்கு ரெண்டு நாளு விசாரணை. ‘எதற்காக அழுத்தினீர்கள்? எத்தனை கிராம் அழுத்தம்?’னு கேட்டுக் கொன்னுட்டான் அந்த ஆறுகாலு.”

விக்கியும் ஹரிணியும் இறந்து நூறு ஆண்டுகளாவது ஆகியிருக்கும். குளிப்பது அவர்கள் அல்லர், அவர்களுடைய பெயர்கள். ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில், கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், இரண்டு கட்டில் அகலமே உள்ள ஒரு சாம்பல் நிறப் பாறைத் தளத்தில் ‘விக்கி + ஹரிணி 2026’ என்று கீறியிருந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு, காய்ச்சி வடித்த நீரால், எழுத்து எழுத்தாக, நாற்பது நிமிடம் அதைக் கழுவ வேண்டும். 2183ஆம் ஆண்டில் அது ஒரு சாதாரண அரசாங்க வேலை. சிலுவையைப் போல முப்பத்தெட்டுப் பேர் அந்தப் பள்ளத்தாக்கில் பெயர் கழுவிச் சம்பளம் வாங்கினார்கள்.

ஏன் என்கிறீர்களா? 2094இல் நடந்த பேரழிப்புதான் காரணம். அதற்கு முந்தைய நூற்றாண்டு மனிதர்கள் தங்கள் படம், பேச்சு, கடிதம், காதல், சண்டை, பிள்ளையின் முதல் பல் என்று எல்லாவற்றையும் மேகக்கிடங்குகளில் போட்டு வைத்திருந்தார்கள். பதினோரு நிமிடத்தில் எல்லாமே போயிற்று. ஒரே மலையை ஒரே கோணத்தில் எடுத்த கோடிக்கணக்கான படங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசியில், அந்தக் காலத்துச் சாதாரண மனிதன் ஒருவன் தன் கையால் எழுதியது என்று காட்ட உலகத்தில் எஞ்சியவை கோட்டைச் சுவர்களிலும் குகைகளிலும் பாறைகளிலும் இருந்த கிறுக்கல்கள் மட்டுமே. அதனால் மனிதத் தடச் சட்டம் வந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எந்தக் கீறலும் உலகச் சொத்து. அவற்றைப் பாதுகாக்கக் காப்பான்கள் என்ற ஆறுகால் இயந்திரங்கள் வந்தன. விக்கிக்கும் ஹரிணிக்கும் நடுவில் இருக்கும் கூட்டல் குறியின் பொருள் பற்றி மட்டும் இருநூற்றுப் பதினான்கு ஆய்வேடுகள் வந்துவிட்டன. அவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்களா என்பது மட்டும் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சிலுவையும் தெக்லாவும் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கடல் ஊருக்குள் வந்து திரும்பிப் போக மறுத்த பிறகு, நாலாயிரம் குடும்பங்களை இங்கே கொண்டுவந்து புதுத்துறை என்று பெயரிட்டுக் குடியமர்த்தினார்கள். காறை எலும்புக்குக் கீழே அரிசி அளவில் ஒரு மூச்சேந்தியைப் பொருத்திக்கொண்டால் அந்த உயரத்திலும் மூச்சு முட்டாது. வந்த புதிதில் சங்கு குளித்த வம்சத்துச் சிலுவை பாறையைத் தடவிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாராம். “நம்ம கடலு முங்கிப்போச்சுன்னு மலைக்கு ஏறி வந்தா, இங்கன வேற ஒரு கடலு காஞ்சு கெடக்கு!”

அவர் சொன்னது சரிதான். அந்த மலை முழுக்க டிரையாசிக் காலத்துக் கடலடி. இருபத்து நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னால் டெதிஸ் கடலின் அடியில் சேறாகப் படிந்து, இறுகி, பிறகு கண்டம் கண்டத்தோடு மோதியதில் வானத்துக்குத் தூக்கப்பட்ட சுண்ணாம்புப் பாறை. உள்ளங்கை அளவு நடந்தால் ஒரு சுருள் ஓடு, ஒரு முழம் நடந்தால் தாள் போல மெலிந்த சிப்பிகள். ஆனால் தொல்லுயிர் ஆய்வாளரான தெக்லா, சிலுவைக்குக் கழுவுவதில் கைகொடுத்துக்கொண்டு, இந்தத் தளத்துக்குத் தினமும் ஏறி வருவதற்குக் காரணம் சிப்பிகள் அல்ல. விக்கியின் பெயருக்கு ஒரு சாண் தள்ளி, பாறையின் மேற்பரப்பிலேயே, கறுத்த எலும்புகளாக ஒருத்தி படுத்திருந்தாள்.

மீன்பல்லி என்று தெக்லாவின் துறையினர் அதைச் சொல்வார்கள். மீனைப் போல நீந்திய, பல்லியின் வம்சத்துக் கடல் விலங்கு. ஒரு மீட்டரைவிடக் கொஞ்சம் அதிக நீளம். வயிற்றுக்குள் ஒரு குட்டி சுருண்டு கிடந்தது. இன்னொரு குட்டியின் தலை மட்டும் தாயின் இடுப்பெலும்புக்கு வெளியே வந்திருந்தது. மூன்று விரல் அகலத் தலை. உடல் இன்னும் உள்ளே. பிரசவத்தின் நடுவில் தாயும் செத்து, பிள்ளையும் செத்து, சேறு மூடி, அந்த நொடி அப்படியே கல்லாகிவிட்டது. விக்கி பெயர் கீற இங்கே குனிந்தபோது இது மண்மூடி இருந்திருக்க வேண்டும். பிற்காலத்து மழைகள் கழுவித் திறந்துவிட்டன. புதுத்துறைக்காரர்கள் அவளைப் பிள்ளைத்தாச்சி என்றார்கள். தெக்லாவும் தன் அறிக்கைகளில்கூட அப்படித்தான் எழுதினாள்.

பதினோரு ஆண்டுகளாகத் தெக்லா அவளைப் படித்துக்கொண்டிருந்தாள், ஒருமுறைகூடத் தொடாமல். கல்லூடி என்ற கருவி பாறைக்குள் அலையை அனுப்பி, உள்ளே இருக்கும் எலும்பை மயிரிழை மயிரிழையாக வரைந்து காட்டும். சுத்தியல் தேவையில்லை, உளி தேவையில்லை. பழைய காலத்துப் புவியியலாளர்கள் எலும்பை வெட்டி எடுத்து, அதன் மேலேயே மையால் எண் எழுதுவார்களாம். அதைக் கேட்டாலே தெக்லாவின் தலைமுறைக்கு முகம் சுளிக்கும். ‘கை படாத அகழ்வு’ என்பது அவர்களுடைய மந்திரம், பெருமை எல்லாம்.

அந்தப் பெருமைதான் வினையாயிற்று.

அன்று காலை ஹரிணியின் கடைசி எழுத்தைச் சிலுவை ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தபோது காப்பான் மேலே ஏறி வந்தது. நண்டு போலப் பக்கவாட்டில்தான் நடக்கும். நீண்ட கழுத்தின் நுனியில் ஒரு கண்.

“மதிப்புக்குரிய தெக்லா அவர்களே, ஒரு மகிழ்ச்சியான செய்தி. உறைபனியால் இத்தளம் ஆண்டுதோறும் விரிசலுறுகிறது. எனவே ‘விக்கி கூட்டல் ஹரிணி’ பத்திரமாக வெட்டி எடுக்கப்பட்டு, சமவெளியின் காப்பகத்தில் வைக்கப்படும். முப்பது நாளில் பணி தொடங்கும்.”

“வெட்டுறதுன்னா எங்கன வெட்டுவ?” என்றாள் தெக்லா.

காப்பான் தன் கண்ணிலிருந்து பாறைமேல் ஒரு சிவப்புக் கோட்டை விழவைத்தது. பெயரைச் சுற்றி ஒரு செவ்வகம். அதன் ஒரு பக்கத்தில் ரம்பம் உள்ளே இறங்குவதற்காக ஒரு முழ அகலத்தில் காடி தோண்ட வேண்டும். காடி பிள்ளைத்தாச்சியின் இடுப்பின் குறுக்கே போயிற்று. வயிறு, இடுப்பு, வெளியே வந்த தலை எல்லாம் அதற்குள் இருந்தன.

“அந்தப் பக்கம் தோண்டேன்.”

“அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. நிற்க இடமில்லை.”

“அப்போ இவளையும் சேத்துப் பெரிசா வெட்டு.”

“எடை கூடும். தூக்கும்போது எழுத்துகளில் விரிசல் விழும் வாய்ப்பு இரண்டு விழுக்காடு. ஏற்க இயலாது.”

“இங்கரு, அவ இருவத்து நாலு கோடி வருசமா கெடக்கா. இவன் நூத்தி அம்பது வருசத்துக்கு முன்னால சும்மா வந்து கீறிட்டுப் போயிருக்கான்!”

“ஆம். அதனால்தான் அவன் அரியவன்” என்றது காப்பான், மிகவும் மரியாதையாக. “இயற்கைக் கற்கள் ஏராளம். பதிவேட்டில் இப்பள்ளத்தாக்கில் மட்டும் நாற்பத்தோராயிரம் உயிர்ப்படிவங்கள் உள்ளன. விக்கி ஒருவனே.”

தெக்லா மனுவுக்கு மேல் மனு எழுதினாள். மேல்முறையீட்டு மன்றத்துக்கு எழுதினாள். மன்றத்தில் மனுவைப் படித்ததும் காப்பானின் இன்னொரு தலைதான் என்பது பதில் வந்த மொழியிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்குப் பிறகு மன்றம் அவளை அழைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டது. அந்த உயிர்ப்படிவத்தின் மேல் மனிதக் கை பட்ட தடம் ஏதேனும் உண்டா? ஓர் எண்? ஒரு மைப்புள்ளி? ஒரு சுத்தியல் கொத்து? இருந்தால் அதுவும் மனிதத் தடம் ஆகும். பரிசீலிக்கலாம்.

தெக்லா எழுந்து நின்றுகொண்டு பதில் சொன்னாள். “பதினோரு வருசத்துல ஒரு விரல் பட்டதில்ல. நீங்க எத்தனை நுண்ணோக்கி வெச்சுப் பாத்தாலும் ஒண்ணும் கெடைக்காது.”

“நன்றி. மனு தள்ளுபடி” என்றது மன்றம்.

அன்று அவள் பாறைமேல் வந்து உட்கார்ந்தபோது மூச்சேந்தி இரண்டுமுறை பீப் அடித்தது. அழுகையை அது மூச்சுத்திணறல் என்று எடுத்துக்கொள்ளும்.

“எதுக்குட்டி அழுத?” என்றார் சிலுவை. “ஒரே ஒரு நம்பரு போட்டிருக்கலாம்லா? ஓரமா, சின்னதா?”

“அண்ணாச்சி, நீங்க வேற வயித்தெரிச்சலைக் கிளப்பாதீங்க.”

“இல்ல, கேக்கேன். இப்பப் போட்டா?”

“இப்பப் போட்டா ஏழு வருசம் செயிலு. நூறு வருசத்துக்குள்ள உள்ள கீறலு எல்லாம் குத்தம்.”

சிலுவை தூரிகையைக் கீழே வைத்தார். பிறகு காப்பான் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏ ஆறுகாலு! கீறினா எப்பவுமே குத்தந்தானா? ஒண்ணுமே விதிவிலக்கு கெடையாதா?”

காப்பானிடம் எதைக் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடும். அதுதான் அதன் நல்ல குணம், கெட்ட குணமும் அதுதான். “ஒரு விலக்கு உண்டு. வாழும் மரபு. ஒரு தளத்தில் கீறிய மக்களின் அதே மொழியைப் பேசும் மக்கள், அதே கருவியால், அதே நோக்கத்தோடு தொடர்ந்து கீறினால், அத்தளம் வாழும் மரபுத்தளம் ஆகும். வாழும் மரபை வெட்டி எடுக்கக் கூடாது. இதுவரை உலகில் எங்கும் நிறுவப்படவில்லை.”

தெக்லா நிமிர்ந்தாள்.

“விக்கி தமிழந்தான?” என்றார் சிலுவை.

“எழுத்து தமிழ்தானே அண்ணாச்சி. கருவி?”

“அது எனக்குத் தெரியும். கழுவுற எனக்குத் தெரியாமலா? காப்பகத்துல மாதிரி செஞ்சு குடுத்திருக்கான்ல.” சிலுவை தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன இரும்புத் துண்டை எடுத்தார். ஒரு பக்கம் வளையம், மறுபக்கம் பல். மோட்டார் சைக்கிள் சாவி. மோட்டார் சைக்கிள்கள் போய் நூறாண்டு ஆகிவிட்டது. அதனால் சாவி என்பது அந்தக் காலத்து மக்கள் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்த எழுதுகோல் என்றே பள்ளிப் பாடநூலில் இருந்தது. பயணம் போனவர்கள் எல்லோரிடமும் அது இருந்திருக்கிறது, போன இடங்களில் எல்லாம் அதனால் எழுதியிருக்கிறார்கள், வேறு என்ன சான்று வேண்டும் என்று ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள்.

தெக்லா சாவியை வாங்கினாள். பிள்ளைத்தாச்சியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, தளத்தின் வடக்கு மூலையில் மண்டியிட்டாள். அவள் வாழ்நாளில் ஒரு பாறையைக் காயப்படுத்தியது இல்லை. முதல் கோடு போடும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். ‘தெக்லா மச்சாது 2183.’ ‘மச்சாது’வில் ‘து’ கொஞ்சம் வழுக்கிவிட்டது.

காப்பான் ஆறு கால்களாலும் ஓடி வந்தது. கீறலின் ஆழத்தை அளந்தது. கருவியை ஒப்பிட்டது. பிறகு தன் கண்ணை அவள் முகத்துக்கு அருகில் கொண்டுவந்தது.

“நோக்கம் என்ன? ஏன் எழுதினீர்கள்?”

உண்மையைச் சொன்னால் சிறை. பொய் சொல்ல அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. நினைவுக்காக என்பதா, கடவுளுக்காக என்பதா, கலைக்காக என்பதா? தோளைக் குலுக்கினாள்.

“சும்மாதான்” என்றாள்.

காப்பான் கண்ணைச் சமவெளிப் பக்கம் திருப்பியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சமவெளியிலிருந்த தன் மற்ற தலைகளோடு அது பேசிக்கொண்டிருந்தது.

“சும்மா” என்று அது கடைசியில் சொன்னது. இயந்திரத்துக்குக் குரல் தழுதழுக்கும் என்றால் அது அப்போதுதான் தழுதழுத்தது. “பேரழிப்புக்கு முன் பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களின் வாக்குமூலங்களில் தாளில் எஞ்சியவை பதினேழு. பதினேழிலும் ஏன் எழுதினாய் என்ற கேள்விக்கு இதே விடை. சொல் மாறவில்லை. தோள் குலுக்கலும் பதிவாகியிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டாக அறுந்துபோனதாக நாங்கள் நினைத்த மரபு அறவில்லை! வெட்டும் பணி நிறுத்தப்படுகிறது.”

சிவப்புக் கோடு பாறையிலிருந்து மறைந்தது. தெக்லா சிலுவையைக் கட்டிக்கொண்டாள். சிலுவை காப்பானின் ஒரு காலில் ஓங்கித் தட்டி, “பொழைச்சுப் போ” என்றார்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் மறுநாள் காலை காப்பான் விதிகளோடு வந்தது.

வாழும் மரபு என்றால் அது வாழ வேண்டும். ஆண்டுக்கு நூறு புதிய பெயர்களாவது அதே தளத்தில் கீறப்பட வேண்டும். ஒன்று குறைந்தாலும் மரபு செத்ததாகக் கொண்டு, பழைய வெட்டும் ஆணை உயிர் பெறும். எந்தப் பெயரின் மேலும் இன்னொரு பெயர் படக் கூடாது, ஏனென்றால் புதிய பெயர்களும் இனிச் சொத்து. பெயர் இருக்கும் இடத்தில் ரம்பம் இறங்காது. பெயரில்லாத இடத்தில்தான் இறங்கும். இதையெல்லாம் மேற்பார்வையிட ஒரு தலைமை மரபாளர் வேண்டும். அது தெக்லா.

“நூறு பேருதான?” என்றார் சிலுவை. “நம்ம சனத்துல நூறு பேரு கெடைக்கமாட்டானா?”

கிடைத்தார்கள். முதல் வாரத்திலேயே கிடைத்தார்கள். மூன்றாம் வாரத்தில் வரிசை புதுத்துறைச் சந்தைவரை நீண்டது. தங்கள் முன்னோர்களைப் பற்றி ஒரு படம், ஒரு வரிகூட இல்லாத மனிதர்கள் அவர்கள். ஆளைப் பொசுக்கும் வெயிலில் நின்று, தங்கள் பெயரைக் கல்லில் பார்த்ததும் குழந்தைபோலக் கைதட்டினார்கள். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. ஆண்டுக்கு நூறுக்கு மேல் ஒன்றுகூடக் கூடாது என்று தெக்லா விதி போட்டாள். ஒரு பெயருக்கு உள்ளங்கை அளவுதான் இடம் என்றும் விதி போட்டாள். சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் பிள்ளைத்தாச்சியின் அருகே கூட்டிப்போய்க் காட்டினாள்.

“இது தாயி. இது உள்ள இருக்க குட்டி. இந்தா, இதோட தலை வெளிய வருது பாருங்க. வர வர அப்படியே...”

“அய்யோ பாவம்” என்பார்கள் எல்லோரும், உண்மையாகவே. பிறகு, “சாவி எங்க இருக்கு?” என்பார்கள்.

முதல் ஆண்டின் பெயர்கள் வடக்கு ஓரத்தில் அடங்கின. இரண்டாம் ஆண்டின் பெயர்கள் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தன. மூன்றாம் ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால், அளந்து பார்த்த சிலுவை தலையைச் சொறிந்தார். வெறும் பாறை தீர்ந்துவிட்டது. இன்னும் முப்பத்தொரு பெயர் வேண்டும். மிச்சமிருப்பது எலும்புகள் மட்டுமே.

தெக்லா அன்று முழுவதும் வரிசையை மேலே விடவில்லை. காப்பானிடம் கெஞ்சினாள். பக்கத்துப் பாறையில் எழுதலாமா? அதே தளம்தான் மரபு. இன்னும் சின்னதாக எழுதலாமா? விக்கியின் எழுத்தளவில் பாதிக்குக் குறைந்தால் அது கீறல் அல்ல, உராய்வு. நான் பதவி விலகினால்? விலகலாம், வேறொருவர் சாவியைக் கொடுப்பார். எழுதிய பெயர்களையெல்லாம் அழித்துவிட்டால்? உலகச் சொத்தை அழித்ததற்குப் பதினான்கு ஆண்டு.

மறுநாள் அவள் வாலிலிருந்து தொடங்கினாள். வால் நுனிதான் இருப்பதிலேயே அவ்வளவு முக்கியமில்லாத எலும்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வால் எலும்பின் மேல் ‘அன்புடன் ரொட்ரிகோ குடும்பத்தார்’ வந்தது. பின்துடுப்பில் ‘பெனடிக்டா’. விலா எலும்புகளுக்குக் குறுக்கே, எலும்புகளைக் கோடுபோட்ட தாளாகப் பயன்படுத்திக்கொண்டு, ‘மலைச்சுறாக்கள் கால்பந்து அணி’. வயிற்றுக்குள் சுருண்டிருந்த குட்டியின் மேல், “இது என்ன சுருள், நல்லா வட்டமா இருக்கே” என்று சொல்லி ஒருவன் வட்டத்துக்குள் தன் பெயரின் முதலெழுத்தைப் போட்டான். தெக்லா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு முறையும் சாவி கல்லில் கீச்சிடும்போது அவளுடைய மூச்சேந்தி பீப் அடித்தது. சிலுவை ஒவ்வொரு புதிய பெயரையும் கழுவினார். இப்போது அவருக்குக் காலையில் முந்நூறு பேரைக் குளிப்பாட்டும் வேலை.

“அண்ணாச்சி, நான் ஒண்ணும் எழுதாமலே இருந்திருந்தா?”

“மூணு வருசத்துக்கு முன்னாலயே பாதிப் பிள்ளத்தாச்சி பொடியாப் போயிருப்பா.”

“எழுதினதால?”

“முழுசா இருக்கா.” அவர் விலாவைப் பார்த்தார். “இருக்கா, ஆனா இப்படி இருக்கா.”

மூன்றாம் ஆண்டின் கடைசி நாள் உச்சிவேளைக்குத் தொண்ணூற்றொன்பது பெயர் ஆகியிருந்தது. இரண்டு கட்டில் அகலப் பாறையில் பெயரில்லாத இடம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மூன்று விரல் அகலம். இடுப்பெலும்புக்கு வெளியே வந்து, உலகத்தைப் பார்க்காமலே கல்லாகிவிட்ட அந்தத் தலை. அதை மட்டும் தெக்லா இத்தனை நாளும் தன் உள்ளங்கையை மேலே குடையாகப் பிடித்துக் காத்து வந்திருந்தாள். அப்போதும் தொடவில்லை.

காப்பான் சிவப்புக் கோட்டை மீண்டும் போட்டுக் காட்டியது. “மாலை ஐந்து மணிக்குள் நூறாவது பெயர் வராவிட்டால் மரபு முடிந்தது. நாளை வெட்டும் பணி. எங்கள் புதிய ரம்பத்துக்கு மூன்று விரல் இடம் போதும், ஆனால் அது பெயரில்லாத இடமாக இருக்க வேண்டும். அது இது மட்டுமே.” சிவப்புப் புள்ளி குட்டியின் நெற்றியில் நின்றது. “பெயர் வந்துவிட்டால், இத்தளத்தில் ரம்பம் இறங்க எங்கும் இடமில்லை. தளம் முழுதும் என்றென்றைக்கும் காக்கப்படும். தலையும்.”

“தலையைக் காப்பாத்தணும்னா தலையிலயே கீறணும்?”

“தாங்கள் துல்லியமாகச் சொன்னீர்கள்.”

தெக்லா வரிசையைப் பார்த்தாள். அந்தத் தலைதான் கடைசி இடம் என்று செய்தி பரவி, புதுத்துறையே மேலே ஏறி வந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் அந்த இடம் வேண்டும். நெற்றி வழவழப்பாக இருக்கிறது, எழுத்து நன்றாக விழும் என்று வேறு பேசிக்கொண்டார்கள். தன் பெயரை இரண்டாம் முறை எழுதத் தெக்லாவுக்கு அனுமதி இல்லை. சிலுவையின் பெயர் போன ஆண்டே ஆகிவிட்டது.

“எல்லாரையும்விடச் சின்னப் பேரு யாருக்கு இருக்கு?” என்று அவள் கத்தினாள்.

“பியோ!” என்றது ஒரு குரல். “ரூபி!” என்றது இன்னொன்று. “ரூபி என்னல சின்னது, ரெண்டெழுத்து! தள்ளு, தள்ளு!” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் இளைஞன் முன்னால் வந்தான். மூச்சு வாங்க, முகமெல்லாம் பல்லாக நின்றான்.

“ஜோ! எம் பேரு ஜோ அக்கா. ஒரே எழுத்து. ஒரே இழுப்புல எழுதிருவேன்.”

“முழுப்பேரே அதுதானா?”

“ஆமாக்கா. ஞானஸ்நானப் பேரே அதான். எங்கப்பா சோம்பேறி.”

கூட்டம் சிரித்தது. தெக்லாவுக்கும் ஒரு கணம் உதடு துடித்தது, சிரிப்பா அழுகையா என்று சிலுவைக்கே தெரியவில்லை. மணி நாலே முக்கால். அவள் அவனைக் கூட்டிப்போய்க் குட்டியின் தலைக்குப் பக்கத்தில் மண்டியிட வைத்தாள். எப்போதும் சொல்வதைச் சொன்னாள். இது தாய், இது குட்டி, இது வெளியே வரும் தலை. அவன் உண்மையாகவே உருகிப்போனான். கண்கூடக் கலங்கிவிட்டது. “அய்யோ பாவம்க்கா” என்றான். சாவிக்காகக் கையை நீட்டினான்.

தெக்லா சாவியை நீட்டினாள், ஆனால் விடவில்லை. சாவியின் வளையம் அவள் விரலில், பல் அவன் விரலில்.

“மெதுவா எழுது தம்பி. ஓரமா, மேலாப்புல. உன் பேரு மட்டும்.”

“சரிக்கா.” அவன் தயங்கினான். வரிசையில் முதலாவதாக நின்ற ஒரு பெண்ணைத் திரும்பிப் பார்த்தான். அவள் வெட்கப்பட்டுத் துப்பட்டாவைக் கடித்தாள். “அக்கா, கோவிச்சிக்கிடாதீங்க. பக்கத்துல அவ பேரையும் சேத்துப் போட்டுக்கிடட்டா? கொஞ்சம் நீளம். விக்டோரியா அமலோற்பவம்.”

காப்பான் ஆர்வத்தோடு கழுத்தை நீட்டியது. இணைப்பெயர் மரபுக்கு மிகவும் ஏற்றது என்று அது ஏற்கெனவே சொல்லத் தொடங்கிவிட்டது. மணி நாலு ஐம்பத்தாறு. நீண்ட பெயர் எழுதினால் நெற்றியோடு கண்குழியும் தாடையும் போகும், எழுதாமல் அவன் கோபித்துக்கொண்டு எழுந்துவிட்டால் நாளை காலை தலையே போகும், வரிசையில் அடுத்து நிற்பவளோ அதே அமலோற்பவம். தெக்லாவின் விரல் இன்னும் வளையத்தில்தான் இருக்கிறது. கற்றாழை மடலிலும் பேருந்து இருக்கையின் முதுகிலும் கோட்டைச் சுவரிலும் எழுதிப் பழகிய கை உங்களுடையதுதானே, இதில் உங்களைவிட அனுபவசாலி யார்? அதனால் சட்டென்று சொல்லுங்கள், நாலே நிமிடம்தான் இருக்கிறது: அவள் விரலை எடுக்கலாமா, கூடாதா, என்ன நினைக்கிறீர்கள்?